கேள்வித்தாள் பையிலேயே இருக்கட்டும்: நீலகிரியில் முதன்முதலாகக் களப்பணிக்குப் போகிறவர்களுக்கு

ஒரு ஊருக்குப் போய் நாலு பேரிடம் பேட்டி எடுத்து, பத்து போட்டோவோடு திரும்புவதைக் களப்பணி என்று கல்லூரிகளில் இப்போது தாராளமாகச் சொல்கிறார்கள். அதற்குப் பெயர் பேட்டி. களப்பணி என்பது அந்த ஊரிலேயே தங்கி, அங்குள்ளவர்கள் பேசுவதைக் கேட்டு, செய்வதைப் பார்த்து, விட்டால் கூடமாட ஒத்தாசை செய்து, ஒரு சமூகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்வது. மானிடவியலில் இதைப் பங்கேற்று நோக்கல் என்பார்கள்.

பார்ப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? 'உங்கள் வீட்டில் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?' என்று யாராவது கேட்டால், எட்டு மணி என்போம். நேற்று பத்தரைக்குச் சாப்பிட்டிருப்போம். பொய் சொல்லும் எண்ணம் நமக்கு இல்லை. கேட்டவருக்கு வழக்கத்தைச் சொன்னோம், நடந்ததைச் சொல்லவில்லை. கல்யாணம், சொத்து, சாதி, தெய்வம் என்று வரும்போது இந்த இடைவெளி இன்னும் அகலமாகும். அந்த இடைவெளியைப் பிடிப்பதுதான் களப்பணியாளரின் வேலை. பேட்டியில் அது சிக்காது.

நீலகிரி இதற்கு நல்ல பள்ளிக்கூடம், கொஞ்சம் கஷ்டமான பள்ளிக்கூடமும்கூட. 2011 கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 7,35,394. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்ற ஆறு பழங்குடிகளையும் சேர்த்தால்கூட நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. மற்றவர்கள் படகர், 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், கூடலூர்ப் பக்கத்து மலையாளிகள், சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள். ஆனால் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்குகிற மாணவர் பத்துப் பேரில் எட்டுப் பேர் நேராகத் தோடர் மந்துக்குத்தான் (தோடர் குடியிருப்பு) வழி கேட்கிறார்கள்.

அங்கே என்ன நடக்கும் தெரியுமா? நூறு வருஷத்துக்கும் மேலாக அந்த மக்களிடம் கேள்வி கேட்கிறவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். டாரஸ் நீரிணைத் தீவுகளில் 1898-ல் கொடிவழி முறையை (குடும்ப உறவுகளைப் படமாக வரைந்து எழுதுவது) உருவாக்கிய ஆங்கிலேய மருத்துவர் ரிவர்ஸ், 1901-02-ல் நீலகிரிக்கு வந்து அதைத் தோடர்களிடையே விரிவாகப் பயன்படுத்தி, 1906-ல் பெரிய நூலாக வெளியிட்டார். மொழியியலாளர் எமனோ 1930களில் வந்து தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் பதிவு செய்தார். அதற்குப் பின் வந்தவர்களுக்குக் கணக்கில்லை. எருமை, பூத்துக்குளிச் சால்வை, அரைவட்டக் கூரை வீடு, பழைய திருமண முறை என்று எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும். நீங்கள் நோட்டில் எழுதிவந்தது, உங்களுக்கு முன்னால் வந்த ஐம்பது பேர் எழுதிக்கொண்டு போன அதே பதில்.

அதனால் தொடக்கக்காரருக்கு நாங்கள் சொல்வது: யாரும் கேள்வி கேட்டிராத ஓர் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். பச்சைத் தேயிலை எடை போடும் கொட்டகை, காலை ஏழு மணி பஸ், தண்ணீர்க் குழாயடி, மாலை நேரத்து டீக்கடை. பண்பாடு என்பது திருவிழாவன்று மட்டும் வெளியே வருவதில்லை.

எடைக் கொட்டகையில் ஒரு மாலை

சிறு தேயிலை விவசாயிகள் பறித்த இலை, ஏஜென்ட் வழியாகவோ நேராகவோ தொழிற்சாலைக்குப் போகிறது. ஒரு கிலோ தூள் கிடைக்க நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். இலையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். மழையில் நனைந்து வந்தால் மேலே ஒட்டிய தண்ணீரும் தராசில் ஏறும். அதனால் எடையில் கொஞ்சம் கழிப்பார்கள். எவ்வளவு, யாருக்கு, எந்த நாளில் என்பதில்தான் ஊரின் பாதி அரசியல் இருக்கிறது.

கற்பனையாக ஒரு மாலையை எடுத்துக்கொள்வோம். பயிற்சியில்லாதவர் எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: 'பெண்கள் வரிசையில் நின்று எடை போட்டார்கள். மழை பெய்ததால் எல்லோரும் சோர்வாக இருந்தார்கள். எடையில் ஏமாற்றுகிறார்கள்.'

இதை ஆறு மாதம் கழித்துப் படித்தால் ஒன்றும் மிஞ்சாது. சோர்வாக இருந்தார்கள் என்பது எழுதியவரின் ஊகம். ஏமாற்றுகிறார்கள் என்பது தீர்ப்பு. அதே காட்சியை இப்படியும் எழுதலாம்:

'மாலை 4.10. சாரல். கொட்டகையில் 11 பேர்: பெண்கள் 8, ஆண்கள் 3. தொங்கு தராசு. ஒருவர் எடையைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் எழுதுகிறார். நான்காவது மூட்டை 23 என்று குரல், நோட்டில் 20. மூட்டைக்காரர், 60 வயது இருக்கலாம், நீல ஸ்வெட்டர், ஒன்றும் சொல்லவில்லை. ஐந்தாவது மூட்டை 31, நோட்டில் 28. இவர், "தண்ணிக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணா?" என்று தமிழில் கேட்டார். எழுதுபவர் சிரித்தார், பதில் இல்லை. பின்னால் இருவர் படகத்தில் (படகர் மொழி) பேசிக்கொண்டது எனக்குப் புரியவில்லை.'

இதில் எத்தனை கேள்விகள் காத்திருக்கின்றன, பாருங்கள். 23 கிலோவுக்கும் 3, 31 கிலோவுக்கும் 3 என்றால் கழிவு விழுக்காட்டில் இல்லை, மூட்டைக்கு இவ்வளவு என்று போலிருக்கிறது. அப்படியானால் சின்ன மூட்டைக்காரருக்கு அதிக நஷ்டம். ஒருவர் வாய் திறக்கிறார், இன்னொருவர் திறக்கவில்லை, ஏன்? கடனா, உறவா, வயதா? கேள்வி ஏன் தமிழில் வந்தது, முணுமுணுப்பு ஏன் படகத்தில்? இவ்வளவும் இரண்டு மூட்டைகளிலிருந்து.

இரண்டு மூட்டைகளை வைத்து முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. மூன்று மாலை, குறைந்தது இருபது மூட்டைக்குக் குரலில் சொன்ன எடையையும் நோட்டில் ஏறிய எடையையும் எழுதுங்கள். அதில் ஒரு நாளாவது வெயில் நாளாக இருக்கட்டும். அதற்குப் பிறகு எழுதுபவரிடம் 'எப்போது கழிப்பீர்கள்?' என்று கேட்டால், 'மழை நாளில் மட்டும்' என்று அவர் சொல்லக்கூடும். உங்கள் பட்டியலில் வெயில் நாளிலும் சாக்குக்கு ஒரு கிலோ கழிந்திருக்கலாம். அவரைப் போய் மடக்காதீர்கள். அவருக்குத் தொழிற்சாலையில் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேளுங்கள். கதை அங்கே நீளும்.

நோட்டுப்புத்தகம்

சட்டைப்பையில் அடங்கும் சின்ன நோட்டு ஒன்று, அறையில் பெரிய நோட்டு ஒன்று. சின்னதில் பென்சிலால் எழுதுங்கள். மூடுபனியில் ஈரமான தாளில் பேனா மை பரவிவிடும். அங்கே முழு வாக்கியம் வேண்டாம். நேரம், எண், ஆட்கள், காதில் விழுந்த சொல் அப்படியே. அன்று இரவே பெரிய நோட்டில் விரித்து எழுதிவிட வேண்டும். மறுநாளுக்குத் தள்ளினால் பாதி போய்விடும், மீதிப் பாதியை மனது சீராக்கி அழகாக்கி வைத்திருக்கும். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று கணக்கு வையுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நாலைந்து மணி. பேச்சு உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால் அதற்கு மேல்.

பெரிய நோட்டில் இடப்பக்கம் பார்த்ததும் கேட்டதும் மட்டும். வலப்பக்கம் உங்கள் ஊகம், சந்தேகம், எரிச்சல், அடுத்த நாள் கேட்க வேண்டியது. 'சோர்வாக இருந்தார்கள்' என்று எழுதியே ஆக வேண்டுமென்றால் வலப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் தலையிலும் தேதி, நேரம், இடம், வானிலை, கூட யார் இருந்தார்கள். இந்தக் கடைசியைப் பலர் விட்டுவிடுவார்கள். மாமியார் பக்கத்தில் இருக்கும்போது மருமகள் சொன்ன பதிலும் தனியாக இருக்கும்போது சொன்ன பதிலும் ஒரே பதில் ஆகுமா?

எப்படிக் கேட்பது

முதல் மூன்று நாள் கேள்வித்தாளை வெளியே எடுக்காதீர்கள். ஊரை நடந்து நடந்து வரைபடம் போடுங்கள்: வீடுகள், கோயில், குழாய், கடை, சுடுகாடு, எந்தப் பாதையில் யார் நடக்கிறார்கள். கையால் வரைந்த வரைபடத்தோடு நிற்பவரைப் பார்த்தால் யாராவது வந்து 'அந்த வீடு தப்பு' என்று திருத்துவார்கள். பேச்சு தொடங்க அதைவிட நல்ல வழி இல்லை.

'உங்கள் பண்பாட்டைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது கேள்வியே கிடையாது. 'உங்கள் ஊரில் கல்யாணம் எப்படி நடக்கும்?' என்பது சுமார். வழக்கம்தான் பதிலாக வரும். 'கடைசியாக இந்த ஊரில் நடந்த கல்யாணம் யார் வீட்டில்? சமையல் யார்? பக்கத்து ஊரிலிருந்து யார் வந்தார்கள், யார் வரவில்லை?' என்று கேளுங்கள். நடந்ததைக் கேட்டால் நடந்தது வரும். 'நீங்கள் எல்லாம் இயற்கையோடு ஒன்றி வாழ்கிறவர்கள்தானே?' என்று கேட்டுவிட்டு, ஆமாம் என்ற பதிலை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டுகிறவர்களும் உண்டு. அதைக் கேட்டவரே பதிலையும் சொல்லிவிட்டார்.

கேட்ட பிறகு பேசாமல் இருங்கள். அமைதி சங்கடமாக இருக்கும். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நல்ல தகவல் பெரும்பாலும் ஏழுக்கும் பத்துக்கும் நடுவில் வரும். டீ கொடுத்தால் மறுக்க வேண்டாம். ஆறு வீட்டுக்குப் போனால் ஆறு டீ, அதற்கு ஏற்றாற்போல் நாளைத் திட்டமிடுங்கள்.

இலை பறிக்கிறவர்களுக்குக் கூலி கிலோவைப் பொறுத்தது. வேலை நேரத்தில் ஒருவரை அரை மணி நிறுத்தினால் அவர் காசை நீங்கள் எடுத்துக்கொண்டதாக அர்த்தம். கூட நடந்து, அவர் கூடையில் போடும்படி நீங்களும் பறியுங்கள் (முற்றல் இலையைப் பறித்துத் திட்டு வாங்குவீர்கள், அதுவும் தகவல்தான்). நீளமான பேச்சை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கொடிவழி

ரிவர்ஸ் விட்டுப்போன கருவிகளில் இன்றைக்கும் கூர் மழுங்காதது கொடிவழி. ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், திருமணத்துக்குச் சமக்குறி, பிள்ளைகளுக்குக் கீழே கோடு, இறந்தவர் மேல் சாய்கோடு. ஒருவரிடம் தொடங்கி, அவர் அப்பா அம்மா, உடன்பிறந்தோர், அவர்கள் துணைகள், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை. ஒவ்வொரு குறிக்குக் கீழும் பெயர், ஊர், தொழில். 'சித்தப்பா' என்று ஒருவர் சொன்னதும் அப்பாவின் தம்பி என்று நீங்களே போட்டுவிடாதீர்கள். சித்தியின் கணவராகவும் இருக்கலாம், ஊர் முறையில் சித்தப்பாவாகவும் இருக்கலாம். 'அவர் யாருக்குப் பிள்ளை?' என்று கேட்டுப் போடுங்கள்.

பத்து வீட்டுக்கு இதைச் செய்தால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதிகள் தாளில் தெரியும். படகர் ஹட்டி (படகர் ஊர்) ஒன்றில் மருமகள்கள் எந்தெந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று குறித்துவந்தால், மிக அருகிலுள்ள சில ஹட்டிகளின் பெயர் வரவே வராது. அந்த ஊர்கள் தமக்குள் அண்ணன் தம்பி முறை. பெண் கொடுத்து எடுப்பதில்லை. இலங்கையிலிருந்து வந்த குடும்பத்தில் போட்டால் வேறொன்று தெரியும்: அக்கா அந்தக் கரையில், தம்பி இந்தக் கரையில் என்று ஒரே தலைமுறை இரண்டாகப் பிரிந்திருக்கும். அந்தக் கோட்டைப் போடும்போது எதிரே இருப்பவர் கண் கலங்கலாம். பென்சிலைக் கீழே வையுங்கள். மீதியை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

தோடர்களிடம் ரிவர்ஸுக்கு வந்த சிக்கல் இன்னொன்று. இறந்த உறவினரின் பெயரைத் தம் வாயால் சொல்லக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் ஒரு குடும்பத்தின் கொடிவழியை அவர் வேறு குடும்பத்தாரிடம் கேட்டு எழுதினார். உபாயமாக இது கெட்டிக்காரத்தனம். முறைதானா என்று இன்றைக்கு நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதன் தொடர்ச்சியையும் அவரே எழுதியிருக்கிறார்: புனிதமான செய்திகளை அவருக்குச் சொன்னவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார், ஒருவரின் மனைவி இறந்தார், இன்னொருவரின் ஊர் தீப்பிடித்தது. வெளியாளுக்கு ரகசியத்தைச் சொன்னதால் தெய்வங்கள் கோபித்தன என்று குறி சொல்கிறவர்கள் சொன்னார்கள். அத்துடன் பலர் அவரிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். நீங்கள் கேட்கும் கேள்வியின் விலையைக் கொடுக்கப் போகிறவர் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம்.

மொழி

தமிழ் தெரிந்தால் நீலகிரியில் பேசிப் பிழைக்கலாம், புரிந்துகொள்ள அது போதாது. படகம், தோடம், கோத்தம் ஆகியவை தமிழின் வட்டார வழக்குகள் இல்லை, தனி மொழிகள். படகத்தில் நம் பகரம் சொல் முதலில் ஹகரமாகும்: பட்டி ஹட்டி, பால் ஹாலு. கன்னடம் தெரிந்தவருக்குக் காது சீக்கிரம் பழகும். ஐம்பது சொல்லாவது கற்றுக்கொள்ளுங்கள். உறவுப் பெயர்கள் முதலில். அந்த ஊரின் மொழியில் வணக்கம் சொல்லி, தப்பாகச் சொன்னதற்குச் சிரிப்பு வாங்குகிறவரிடம் ஊர் கொஞ்சம் கதவைத் திறக்கும்.

இம்மொழிகளைத் தமிழ் எழுத்தில் குறிக்கும்போது ஒரு வழுக்கல் உண்டு. நம் 'க' ஒலிப்பு இடத்துக்கு இடம் மாறும். 'குந்தெ' என்று எழுதினால் முதல் எழுத்தை எப்படிச் சொன்னார் என்பது பிறகு ஞாபகம் வராது. ஒலி அதிர்ந்து ('காந்தி'யின் முதல் ஒலிபோல) வரும் இடத்தில் எழுத்தின் கீழ் ஒரு கோடு போடும் பழக்கத்தை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தோடத்தில் தமிழில் இல்லாத உரசொலிகள் பல. அங்கே எழுத்தை நம்பாமல் சொல்லை ஒலிப்பதிவு செய்யுங்கள்.

சொற்களே வரலாறு சொல்லும். தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை ஒருவர் 'லைன்' என்கிறார், இன்னொருவர் 'லயம்' என்கிறார் என்றால், 'லயம்' என்றவரின் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று ஊகிக்கலாம். ஊகிக்கத்தான் முடியும், கேட்டு உறுதி செய்யுங்கள்.

அனுமதி

படகர் ஹட்டியில் ஊர் கவுடரை முதலில் பாருங்கள், மற்ற ஊர்களில் அங்குள்ள தலைவரை. முதுமலை போன்ற புலிகள் காப்பகத்துக்குள் உள்ள குடியிருப்பு என்றால் வனத்துறையின் அனுமதி எழுத்தில் வேண்டும். அது வருவதற்கு வாரக்கணக்கில் ஆகலாம், பயணத் தேதியை அதற்குப் பின் வையுங்கள். பழங்குடி ஊர்களுக்குப் போகுமுன் ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. அங்கே அருங்காட்சியகமும் இருக்கிறது. சொந்த வண்டியில் போனால், 2024 மே 7 முதல் மலையேற இ-பாஸ் எடுக்க வேண்டும்.

இவை தாள் அனுமதிகள். ஆளின் சம்மதம் தனி. என்ன செய்கிறீர்கள், எதற்கு, எங்கே அச்சாகும், பெயர் வருமா என்பதை அவருக்குப் புரியும் பேச்சில் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் படிவத்தை நீட்டும் முன் யோசியுங்கள். கூடலூர்ப் பக்கம் 1969 ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலங்கள் யாருக்கு உரிமை என்ற குழப்பத்தோடு மக்கள் பல பத்தாண்டுகளாக வாழ்கிறார்கள். அங்கே போய் 'எத்தனை ஏக்கர்?' என்று கேட்டுத் தாளில் கைநாட்டும் கேட்டால், உங்களை வருவாய்த்துறை ஆள் என்றோ வனத்துறை ஆள் என்றோ நினைப்பார்கள். வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்தால் போதும்.

தோடர், கோத்தர் கோயில்களை நோக்கிப் போகுமுன் எதுவரை வரலாம், பெண்கள் வரலாமா, செருப்பு எங்கே, கேமரா உண்டா என்று கேட்டுவிடுங்கள். யாரும் தடுக்கவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விருந்தாளியைத் தடுக்கச் சிலர் கூசுவார்கள். குறும்பர் தேன் எடுக்கும் பாறை, மூலிகை கிடைக்கும் இடம், இவற்றின் இருப்பிடத்தை எழுதவே எழுதாதீர்கள். போட்டோவில் இருப்பிடக் குறிப்பு தானாகப் பதிவாகும் வசதியைப் போனில் அணைத்துவிட்டு மலையேறுங்கள்.

எத்தனை நாள், எப்போது

முழுமையான ஆய்வுக்கு ஒரு வருஷம் என்பது பழைய அளவு. எல்லாப் பருவமும் எல்லா விழாவும் ஒரு சுற்று வந்துவிடும். மாணவருக்குக் கிடைப்பது பதினைந்து நாள். அதற்கு ஒரே ஒரு கேள்வி, ஒரே ஊர், இருபது முப்பது வீடு. 'படகர் பண்பாடு' என்பது பதினைந்து நாளில் முடியாது. 'இந்த ஹட்டியில் இலைப் பணத்தை வீட்டில் யார் கையில் கொடுக்கிறார்கள்?' என்பது முடியும்.

தென்மேற்கு மழை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர், குந்தா பக்கத்தில் கொட்டும். வடகிழக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம். 2009 நவம்பரில் மண்சரிவில் பலர் உயிரிழந்தது இந்தப் பருவத்தில்தான். டிசம்பர் கடைசி, ஜனவரியில் படகரின் ஹெத்தையம்மன் விழாவும் மற்ற சமூகங்களின் விழாக்களும் வரும், உறைபனியும் வரும். குளிரில் போன் சார்ஜ் சட்டென்று இறங்கும். பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

அடிக்கடி நடக்கும் பிசகு இன்னொன்று உண்டு. தோடர் நெய்யும் பாலும், கோத்தர் பானையும் இரும்புக் கருவியும் இசையும், படகர் தானியமும், குறும்பர் காட்டுப்பொருளும் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள் என்று பழைய நூல்களில் படித்துவிட்டு, அதைத் தேடிப் போவது. அந்த ஏற்பாடு 1930களிலேயே குலைந்துகொண்டிருந்ததை மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் கோத்தர்களிடையே இருந்து பதிவு செய்தார். இன்று அதைத் தேடினால், உங்களைத் திருப்திப்படுத்த யாராவது 'ஆமாம், இப்பவும் உண்டு' என்பார்கள். எழுதும்போது 'தோடர்கள் செய்கிறார்கள்' என்று எழுதாமல், எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் செய்ததைப் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். பார்க்காமல் கேட்டது என்றால் கேட்டது என்று எழுதுங்கள்.

பெயரை மாற்றினால் ஆளை மறைத்தாயிற்று என்று நினைக்கிறார்கள். அறுபது வீட்டு ஹட்டியில் 'ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர்' என்று எழுதினால் பெயரே வேண்டாம், ஊருக்கே தெரியும். தொழிலையோ வயதையோ மாற்றுங்கள், அல்லது இரண்டு பேர் சொன்னதைச் சேர்த்து எழுதுங்கள். மாற்றியதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு மறுபடி ஊருக்குப் போய், சம்பந்தப்பட்டவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எடுத்த போட்டோக்களைப் பிரிண்ட் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். கொடிவழித் தாளின் நகலையும் கொண்டுபோங்கள். அதைத்தான் முதலில் வாங்கிப் பார்ப்பார்கள், நீங்கள் விட்டுவிட்ட மூன்று பேரையாவது அங்கேயே சேர்ப்பார்கள்.